எலி, கீரி, சின்னம்மா

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்துவிட்டவனுக்கு ஆண்டுகள் எல்லாம் தலைப்புச் செய்திகளாகவே நினைவில் நிற்கும். 1990 என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வலிகாமம் வடக்கின் இடப்பெயர்வு. அவ்வாண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, கீரிமலை என்று கரையோரக் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாகின. நகுலேஸ்வரர் ஆலயம் வான்தாக்குதலில் சிதைந்ததும் அவ்வாண்டிலேதான். பின்னர் அப்பிரதேசம் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற பெயரில் முட்கம்பிக்குள் அடைபட்டது.

அதே ஆண்டின் மார்கழி மாதத்தில், அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் ஐந்து பக்கக் கட்டுரையொன்று வெளியாயிற்று. செய்ஜி ஒகாவா என்ற யப்பானிய விஞ்ஞானியும் நியூ ஜேர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் அவருடன் பணியாற்றிய சகாக்களும் எழுதியது. எலியின் மூளைக்குள் ஓடும் இரத்தத்தைப் பற்றியது. அச்செய்தி யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும், மின்சாரம் துண்டிக்கப்பட்டு, கிடைத்த தாளில் பத்திரிகை அச்சிட்டுக்கொண்டிருந்த எங்களில் எவர்தாம் எலியின் மூளைக்கு இடம் ஒதுக்கியிருப்பார்?

இன்று ஒதுக்குகிறேன். அந்த எலிக்கும் கீரிமலையிலிருந்து புறப்பட்டுப் போன மனிதர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரியவந்தது. அதைச் சொல்வதற்கு முன்னர், அந்த எலிக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் காந்த அதிர்வுப் படப்பிடிப்பின் வரலாற்றில் எலி இடையில் வந்து சேர்ந்ததன்று. எலியின் புற்றுத் திசுவும் நல்ல திசுவும் காந்தப்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்று 1971இல் றேமண்ட் டமாடியன் காட்டினார். 1973இல் போல் லோட்டர்பர் அத்தகைய சமிக்ஞைகளிலிருந்து படம் அமைக்கும் வழியைக் கண்டார். பீற்றர் மான்ஸ்ஃபீல்ட் அதனை விரைவாக்கினார். பின்னைய இருவருக்கும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இவையெல்லாம் உடலின் அமைப்பைக் காட்டும் படங்கள். மூளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அவை காட்டவில்லை.

ஒகாவா கண்டது அதற்கான வழியை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமந்திருக்கும்போது காந்தத்துக்கு ஏறக்குறைய அசைந்து கொடுப்பதில்லை. ஒட்சிசனை இறக்கிவைத்தபின் சிறு காந்தத்துகள் போல் நடந்துகொள்கிறது. இதனை லைனஸ் போலிங்கும் சார்ள்ஸ் கொரியெலும் 1936இலேயே கண்டறிந்திருந்தனர். ஒகாவா, எலி ஒன்றை வலுவான காந்தத்துக்குள் வைத்து, அது சுவாசிக்கும் வாயுவை மாற்றினார். சாதாரணக் காற்றைச் சுவாசித்தபோது மூளைப் படத்தில் நாளங்கள் கருங்கோடுகளாகத் தெரிந்தன. தூய ஒட்சிசனைச் சுவாசித்தபோது அக்கோடுகள் மங்கி மறைந்தன. ஊசி இல்லை, சாயம் இல்லை, இரத்தமே தன் கணக்கைத் தான் சொன்னது. இரண்டே ஆண்டுகளில், 1992இல், மனித மூளையிலும் அது சாத்தியமாயிற்று.

இதிலே ஒரு விந்தை உண்டு. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யத் தொடங்கினால் அங்கே ஒட்சிசன் குறையும், கருமை கூடும் என்றுதான் எவரும் எண்ணுவர். நடப்பது மறுதலை. எங்கள் ஊர்த் தோட்டத்தில் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பாத்தி குடிப்பதை விட அதிகமான தண்ணீரை இறைப்புக்காரர் திருப்பிவிடுவார்; வாய்க்கால் ததும்பி நிற்கும். மூளையும் அப்படியே. உழைக்கும் பகுதிக்குத் தேவைக்கு மேலாகவே இரத்தம் பாய்கிறது; ஒட்சிசன் மிஞ்சுகிறது; படம் அவ்விடத்தில் ஒரு சிறிது பிரகாசமடைகிறது. அந்த மாற்றம் நூற்றுக்குச் சில வீதம் மட்டுமே. சில வினாடிகள் பிந்தியே தெரியவும் செய்கிறது.

ஆகவே, இயந்திரம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை, அச்சத்தையும் பார்ப்பதில்லை. ததும்பிய வாய்க்காலைப் பார்த்து, 'அந்தப் பாத்திக்கு யாரோ தண்ணீர் கட்டினார்கள்' என்று ஊகிக்கிறது. நாளேடுகள் 'காதலின் இருப்பிடம் மூளையில் கண்டுபிடிப்பு' என்று தலைப்பிடும்போது வாசகர்கள் இதனை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எலியின் மூளை ஏறத்தாழ 2 கிராம் எடை. அதில் சுமார் 20 கோடி நரம்புக்கலங்கள். மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி. இவ்வளவு சிறிய பொருளுக்குள் நோக்குவதற்கு வைத்தியசாலைகளிலுள்ள 1.5 அல்லது 3 ரெஸ்லா இயந்திரங்கள் போதா. கொறிக்கும் விலங்குகளுக்கென்றே 7, 9.4, 11.7 ரெஸ்லா வலுவுள்ள, குழாய் சிறுத்த காந்தங்கள் உண்டு. 9.4 ரெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் இரண்டு இலட்சம் மடங்கு.

இனி, இவ்வாய்வின் உண்மையான சிக்கலுக்கு வருவோம். படம் எடுக்கும்போது தலை அசையக்கூடாது. 'அசையாமல் இரு' என்று எலியிடம் சொல்ல முடியாது. எனவே நெடுங்காலமாக எலிக்கு மயக்கமருந்து கொடுத்தே படம் எடுத்தனர். ஆனால் மயக்கமருந்து நரம்பின் பேச்சையும் மாற்றுகிறது, இரத்த ஓட்டத்தையும் மாற்றுகிறது. மயங்கிய மூளையில் அச்சத்தைத் தேடுவது, உறங்குபவரிடம் சாட்சியம் கேட்பது போன்றது. சரி, விழிப்பில் வைத்துப் படம் எடுக்கலாம் என்றால், எலியைக் குழாயில் இருத்தி, தலையை இறுக்கி, காதைத் துளைக்கும் இயந்திர இரைச்சலுக்குள் தள்ள வேண்டும். அப்போது தெரிவது எதன் அச்சம்? நாம் ஆராய வந்த அச்சமா, நாமே உண்டாக்கிய அச்சமா?

இந்தக் கேள்வியை வாசித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனெனில் இது எங்கள் தொழிலின் கேள்வியும் ஆகும். முகாம் ஒன்றில், சீருடைக்காரர் பக்கத்தில் நிற்க, 'இங்கே உங்களுக்குக் குறை ஏதும் உண்டா?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஒரு குறையும் இல்லை' என்று பதில் வரும். அது பொய்யும் அன்று, செய்தியும் அன்று. கட்டுண்டவரின் பதில், கட்டைப் பற்றியே பேசும்.

விஞ்ஞானிகள் கண்ட வழி, நல்ல செய்தியாளர்கள் கண்ட வழியேதான்: பொறுமை. எலியை முதலில் சில நிமிடம் மட்டும் குழாயில் இருத்துவார்கள். அடுத்த நாள் இன்னும் சிறிது நேரம். இயந்திர இரைச்சலைப் பதிவுசெய்து ஒலிக்க விடுவார்கள். பல நாள் பழகி, எலி அடங்கிய பின்னரே உண்மையான படப்பிடிப்பு. அப்போதும் நடுக்கம் முற்றாக நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மயக்கத்தின் மௌனத்தை விட அது மேலானது.

அவ்வாறு விழித்திருந்த எலிகளைக் கொண்டு, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நன்யின் சாங்கும் அவரது குழுவினரும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தப்பியோட வழியில்லாத கூட்டில் எலியை விட்டு, அதனை வேட்டையாடும் விலங்கின் வாடையை நுகரச் செய்தனர். வாடை மாத்திரமே, விலங்கு வரவில்லை. அதுவும் ஒரே ஒரு தடவை. எலிகள் உறைந்து நின்றன. அது எதிர்பார்த்ததே. ஏழு நாள் கழித்துப் பரிசோதித்தபோது, வாடையே இல்லாத நிலையிலும் அவற்றின் பதற்றம் கூடியிருந்தது. படத்திலோ, ஆபத்தை உணர்ந்து மணியடிக்கும் அமிக்டலா என்ற பகுதிக்கும், 'பொறு, இது ஆபத்தில்லை' என்று அதனை அடக்கும் முன்மூளைப் பகுதிக்கும் இடையிலுள்ள இசைவு நலிந்திருந்தது. மணியடிப்பவருக்கும் வாயிற்காவலருக்கும் இடையே பேச்சுவார்த்தை குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தடவை. வெறும் வாடை. ஏழு நாள்.

இங்கேதான் எனக்குச் சின்னம்மாவின் நினைவு வந்தது.

சின்னம்மா கீரிமலையில் வாழ்ந்தவர். என்னை விட எட்டு வயது மூத்தவர். 1990இல் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு துணிமூட்டையோடும் புறப்பட்டு, மருதனார்மடத்தில் உறவினர் வீட்டு விறாந்தையில் சில காலம், பிறகு வன்னி, பிறகு கொழும்பு, இறுதியில் கனடா என்று அலைந்தவர். ரொறன்ரோவில் தலைச்சுற்றும் படபடப்பும் என்று அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய்க்குள் தள்ளி இயந்திரம் இரையத் தொடங்கியதும் சின்னம்மா அலறிக் கையிலிருந்த மணியை அழுத்திவிட்டார். இரண்டாம் முறை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டே படம் எடுக்க நேர்ந்தது.

"தம்பி, பொம்மர் சுத்தேக்க பங்கருக்குள்ள படுத்திருந்தமாதிரிக் கிடந்தது. மேல மண் விழப்போகுது எண்டு நினைச்சிட்டன்" என்று பின்னர் தொலைபேசியில் சொன்னார்.

படத்தில் குற்றம் ஏதுமில்லை என்று சொன்னார்கள். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தனர். மருமகன் விளையாட்டாக, "மாமி, உங்களுக்கு ஒண்டுமில்லையாம், சும்மா பயப்பிடுறியள்" என்று சொல்லியிருக்கிறார். சின்னம்மா அன்று சாப்பிடவில்லை. "அப்ப நான் இவ்வளவு காலமும் பொய்யே சொன்னனான், தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

அன்று நான் சொன்ன ஆறுதல் எதுவும் அவருக்கு எட்டவில்லை. இந்த எலியின் கதையை அறிந்த பின்னர், ஒரு மறுமொழி கிடைத்தது. சின்னம்மாவுக்கு எடுத்த படம் ஊரின் வரைபடம் போன்றது. ஒழுங்கைகளும் கிணறுகளும் கோவிலும் அதில் இருக்கும். வீதி உடைந்திருந்தால், கட்டடம் இடிந்திருந்தால் காட்டும். எந்த வீட்டில் யார் தூங்காமல் விழித்திருக்கிறார்கள் என்பதை அது காட்டாது. அமைப்பைக் காட்டும் படம் வேறு. செயலைக் காட்டும் படம் வேறு. முன்னையதில் 'ஒன்றுமில்லை' என்பது, கட்டியோ கசிவோ இல்லை என்ற நல்ல செய்தி மட்டுமே. பயம் இல்லை என்ற தீர்ப்பன்று.

அச்சம் கோழைத்தனம் என்று நினைப்பவர்களுக்கு அந்த எலி ஒரு சாட்சி. அதற்குக் கதை கட்டத் தெரியாது. அகதி விண்ணப்பம் இல்லை. அனுதாபம் தேட ஆளில்லை. ஆயினும் ஒரு வாடை, ஏழு நாளைக்குப் பின்னும் அதன் மூளையில் தடம் வைத்திருந்தது. எலிக்கே அப்படியென்றால், மாதக்கணக்கில் வானத்தைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

உடனே சிலர் கேட்கக்கூடும்: அப்படியானால் சின்னம்மாவுக்கும் செயற்பாட்டுப் படம் எடுத்து, இதோ பயம் என்று நிரூபித்துவிடலாமே? அகதி விசாரணைகளில் அதனை ஆவணமாக வைக்கலாமே?

அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். மேற்சொன்ன முடிவு எந்த ஓர் எலியின் படத்திலிருந்தும் வந்ததன்று. வாடையை நுகர்ந்த எலிகளின் சராசரியை, நுகராத எலிகளின் சராசரியோடு ஒப்பிட்டுப் பெற்றது. தனியொரு மனிதரின் தலைக்குள் நோக்கி 'இவர் அஞ்சுகிறார், இவர் நடிக்கிறார்' என்று முத்திரை குத்தும் வல்லமை இந்த இயந்திரத்துக்கு இல்லை. அந்த ஆசை ஆபத்தானதும்கூட. மூளையைக் கருவியால் விசாரிக்கும் ஆசை இந்தியப் பொலிஸாருக்கு வந்தபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி உண்மையறியும் மருந்து கொடுப்பதும் மூளை அலைகளைச் சோதிப்பதும் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. இன்று 'பயம் இருக்கிறது' என்று நிரூபிக்கப் படத்தைக் கேட்டால், நாளை படம் இல்லாதவரின் சொல்லுக்கு மதிப்பு இராது. சின்னம்மாவின் சொல்லே சாட்சியம். எலியின் படம் அதற்குத் துணை நிற்கலாம்; அதன் இடத்தில் அமர முடியாது.

எங்கள் மக்களின் மனவடுவை இயந்திரம் இல்லாமலே எழுதிவைத்த மருத்துவர் உண்டு. யாழ்ப்பாணத்தில் போரினூடே பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளியான தமது ஆங்கில நூலில் போர் இலங்கைத் தமிழரின் உள்ளங்களில் விட்டுச்சென்ற தழும்புகளைப் பதிவுசெய்தார். பின்னர், இது தனியாட்களின் நோய் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்ட கூட்டு மனவடு என்று விரித்தெழுதினார். அதைக் காண அவருக்கு உதவியது காந்தமன்று. பொறுமையாகக் கேட்ட காது.

எலிகளிடமிருந்து இன்னும் ஒன்றைக் கற்க இருக்கிறது. ஓர் ஒலியைக் கேட்டதும் அஞ்சுமாறு எலியைப் பழக்கலாம். பிறகு அதே ஒலியைத் தீங்கேதுமின்றித் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்து அந்த அச்சத்தை அடக்கலாம். ஆனால் அச்சம் அழிவதில்லை. அஞ்சப் பழகியது ஒரு கூட்டில், ஆறுதல் பெற்றது வேறொரு கூட்டில் என்றால், முதற் கூட்டுக்குள் விட்டதும் பழைய அச்சம் திரும்பிவிடுகிறது. மார்க் பூட்டன் போன்ற உளவியலாளர்கள் இதனைப் பலமுறை காட்டியிருக்கிறார்கள். 'இது இனி ஆபத்தில்லை' என்ற பாடத்தை மூளை இடத்தோடு சேர்த்தே கற்கிறது.

இதனை நான் செய்தியாளனாக வாசிக்கிறேன், மருத்துவனாக அன்று. ரொறன்ரோவில் முப்பது ஆண்டு அமைதியாக இருந்தாலும், அது ரொறன்ரோவில் கற்ற அமைதி. கீரிமலையில் இழந்ததைக் கீரிமலையிலேதான் மீளக் கற்க முடியுமோ என்று எண்ணத் தோன்றுகிறது. அப்படியானால், காணிகளை ஆண்டுக்கணக்கில் பகுதி பகுதியாக விடுவித்துக்கொண்டிருப்பது வெறும் நிலப் பிரச்சினையன்று. அம்மக்களின் மனம் ஆறும் நாளும் அதனால் தள்ளிப்போகிறது. எலிக்குக் காணி உறுதி கிடையாது; குலதெய்வம் கிடையாது; ஆடி அமாவாசைக்குத் தந்தைக்குப் பிண்டம் போட வேண்டிய கரை கிடையாது. மனிதருக்கு உண்டு. எலியின் படம் எட்டாத இடம் அதுவே.

கீரிமலையின் பெயருக்கே காரணமாகச் சொல்லப்படும் ஐதீகமும் ஆறுதலைப் பற்றியதுதான். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் அங்கே நீராடி மனிதமுகம் பெற்றார் என்பர். குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் அத்தீர்த்தத்தில் ஆடித் தன் முகம் மீண்டு மாவிட்டபுரத்தில் கோவில் எழுப்பினாள் என்று யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. அவள் வந்ததும் மூழ்கியதும் மாறியதும் ஒரே நாளில் என்பதன்று கதை. அங்கே பாளையமிட்டுத் தங்கியிருந்தாள். கீரி, எலியைக் கொல்லும் ஊனுண்ணி. எலி ஆய்வைப் பற்றி எழுதும்போது, எலியை நடுங்கவைக்கும் வாடைக்குரிய விலங்கின் பெயரே எங்கள் ஊருக்கு அமைந்திருப்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கீரிமுகம் நீங்குவதற்கு முனிவர் தேடி வந்தது ஒரு குறித்த நீரை, ஒரு குறித்த கரையை.

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் சின்னம்மா மகளோடு ஊருக்கு வந்தார். நானும் கூடப் போனேன். பெண்கள் கேணிக்குப் போகுமுன், கடலைப் பார்த்திருக்கும் கட்டில் சற்று இருந்தார். சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறிவரும் நன்னீர், கடலை ஒட்டியே பெருகிக்கொண்டிருந்தது. அப்போது பலாலிப் பக்கமாக விமான இரைச்சல் எழுந்தது. சின்னம்மாவின் கை மகளின் சேலையைப் பற்றிக்கொண்டது. தோள்கள் காதுவரை உயர்ந்தன.

"அம்மா, அது சென்னைப் பிளேன். சனம் ஏத்திக்கொண்டு வாறது" என்றாள் மகள்.

சின்னம்மா பதில் சொல்லவில்லை. இரைச்சல் தேய்ந்து, அலையின் ஓசை மட்டும் மிஞ்சும்வரை அப்படியே இருந்தார். பின்னர் கையை விட்டு, "நாளைக்கும் இந்த நேரம்தான் வருமோ?" என்று கேட்டார்.

"நாளைக்கும் வருவம், பாப்பம்" என்றேன்.

மகளின் தோளைப் பிடித்து எழுந்து, சின்னம்மா கேணிக்கு இறங்கினார்.